தாய்ப்பாறையோடு எடுக்கவும்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துத் தமிழர்களில் புத்திசாலிகள் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் பார்க்கப் போவது மிச்சமிருக்கிற நாலு பேரை.

இந்த நாலு பேரும் சேர்ந்து கல் பொறுக்கும் கழகம் என்று ஒன்றை நடத்தி வந்தார்கள். தாண்டவமூர்த்தி தலைவர், ஏகாம்பரம் செயலாளர், குமுதவல்லி பொருளாளர். எல்லாருக்கும் பதவி கொடுத்துவிட்டால் கை தட்டுவதற்கு யாராவது வேண்டாமா? அதனால் பூவராகன் உறுப்பினர். கழகத்தின் மொத்த உறுப்பினர்களும் அவர் ஒருத்தர்தான். பொதுக்குழு கூடினால் மூன்று பேர் மேடையில் உட்காருவார்கள், எதிரே அவர் உட்கார்ந்து பலத்த கரகோஷம் எழுப்புவார்.

படிக்காத ஜனங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாருமே பட்டதாரிகள், அதிலும் ஏகாம்பரம் இரண்டு எம்.ஏ. அதனால்தான் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். சொந்தமாக யோசிப்பது அவர்கள் பாடத்திட்டத்திலேயே கிடையாது.

அந்த ஜூன் மாதம் பூவராகனுக்கு ஒரு பெரிய கவலை வந்தது. பல வருஷமாகப் பொறுக்கிக் கொண்டுவந்த கல்லையெல்லாம் அவர் வீட்டு கராஜில் தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார். அவர் மனைவி மரகதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிவதற்கு முன்னால் டியூட்டிக்குக் கிளம்ப வேண்டும். குளிர்காலம் பூராவும் கல்லெல்லாம் கராஜுக்குள் கதகதப்பாகத் தூங்கும், அவள் கார் தெருவில் பனியில் விறைத்து நிற்கும். கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிச் சுரண்டி அவளுக்கு விரல் மரத்துப் போயிற்று. பொறுமையும் போயிற்று.

"என்னங்க, நான் அக்கா வீட்டுக்கு பர்மிங்ஹாம் போறேன்" என்றாள் மரகதம். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பி வருவேன். வர்றப்போ நம்ம ஷோகேஸுக்குள்ள நாலு பேருக்குக் காட்டற மாதிரி ஒரே ஒரு கல்லு இருக்கணும். இருந்தா கராஜ் உங்களுக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை லாரி வரும், அத்தனையும் குப்பைக்குப் போகும்."

ஷோகேஸ் என்றால் சாதாரண ஷோகேஸ் இல்லை. மரகதத்தின் அப்பா சீராகக் கொடுத்த தேக்கு ஷோகேஸ். மாயவரத்திலிருந்து கப்பலேறி வந்தது. தலையாட்டி பொம்மை, கல்யாண போட்டோ, மகள் வாங்கின கோப்பைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. பூவராகனின் கல் ஒன்றுகூட அந்தக் கண்ணாடிக்கு உள்ளே போனதில்லை.

பூவராகனுக்கு அழுகையே வந்துவிட்டது. கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் தடவிக் கொடுத்து ஆறுதல் சொன்னார். ஒன்றுகூடப் பதில் பேசவில்லை. பாவம், அதிர்ச்சியில் வாயடைத்துப் போயிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டார்.

நல்லவேளையாக அந்த வாரமே நூலகத்தில் கல் சேகரிப்பு பற்றி ஒரு பேச்சு இருந்தது. பேசியவர் பிரெண்டிஸ் என்ற வெள்ளைக்காரர். கல்லைக் கரைத்துக் குடித்தவர். எப்பேர்ப்பட்ட சபையில் பேசுகிறோம் என்று தெரியாமல் மனுஷர் நிதானமாக விளக்கிக்கொண்டே போனார். தலையில் ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள், கழட்டவே கழட்டாதீர்கள். உருண்டையான கல் கிடைத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலி என்பது போலச் சத்தம் வந்தால் அதற்குள் படிகம் இருக்கும், சுத்தியலால் மெல்லத் தட்டித் திறந்து பாருங்கள். பாறையில் ஒட்டி வளர்ந்த படிகத்தை மட்டும் தனியாகப் பேர்த்துவிடாதீர்கள். அதைத் தாய்ப்பாறையோடு சேர்த்து எடுத்தால்தான் மதிப்பு. எடுத்ததைப் பேப்பரில் சுற்றி, பெயர், கிடைத்த இடம், கண்டெடுத்தவர், தரம் இவ்வளவையும் எழுதிச் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

நாலு பேரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்கே ஆளுக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட் வாங்கி மாட்டினார்கள். மாட்டினதைக் கழட்டவே இல்லை. தாண்டவமூர்த்தி ஹெல்மெட்டுக்கு மேலேயே ஷாம்பு போட்டுக் குளித்தார். முன்னைக்கு இப்போது ஷாம்பு கம்மியாகத்தான் செலவாகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குமுதவல்லி தன் வேனில் முன்னே போக, பூவராகன் தன் காரில் பின்னே போக, கழகம் பக்கத்து மாவட்டமான டெர்பிஷயருக்குக் கிளம்பியது. அங்கே ஒரு குன்றின்மேல் பழைய ஈயச் சுரங்கம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. குன்றுக்குச் சொந்தக்காரர் ஹாப்சன் என்ற விவசாயி. கல் பொறுக்கிக்கொள்ளத் தாராளமாக அனுமதி கொடுத்தார். இரண்டே இரண்டு நிபந்தனைதான் போட்டார்.

"வழியில ஒரு கேட் இருக்கு. அது எப்படி இருக்கோ அப்படியே விட்டுட்டுப் போங்க. அப்புறம், ஆடுங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க."

இதைவிடச் சுலபமான நிபந்தனை உலகத்தில் உண்டா? சாதாரண ஜனங்களுக்கு இல்லைதான்.

கேட் பக்கத்தில் போய்ப் பார்த்தால், தாழ்ப்பாள் விழாமல் காற்றில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. கழகம் அப்படியே நின்றுவிட்டது.

"திறந்திருக்கு, அப்போ திறந்தே விட்டுடலாம்" என்றார் குமுதவல்லி.

"நல்லாப் பாருங்கம்மா, இப்போ மூடுது" என்றார் ஏகாம்பரம்.

"அப்போ மூடிடலாம்."

"மறுபடியும் திறக்குதே!"

தாண்டவமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கேட் திறந்தும் இல்ல, மூடியும் இல்ல. ஆடிக்கிட்டு இருக்கு. எப்படி இருக்கோ அப்படியே விடணும்னு சொல்லியிருக்காரு. அதனால ஆடற கேட்டா விடறதுதான் மரியாதை."

இப்படி அவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று நின்றது, கேட்டும் நின்றது. எல்லார் முகமும் வெளுத்துவிட்டது. வந்த பத்து நிமிஷத்தில் வாக்குத் தவறிவிட்டோமே என்று பூவராகன் பதறிப் போனார். ஏகாம்பரம்தான் பாய்ந்து போய்க் கேட்டைப் பிடித்து ஆட்டிக் கழகத்தின் மானத்தைக் காப்பாற்றினார்.

"நீங்க போங்க தலைவரே, நான் பாத்துக்கறேன்" என்றார் ஏகாம்பரம். "காத்து வந்ததும் கேட்டை அதுகிட்ட ஒப்படைச்சிட்டு மேல வரேன்."

என்ன தியாகம் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டின் கிரீச் சத்தம் குறைந்துவிட்டது என்று தோன்றவே, அதையும் வாயாலேயே போட ஆரம்பித்தார். இரண்டு எம்.ஏ. வீண் போகவில்லை.

மேலே போனவர்களுக்கு அடுத்த சோதனை காத்திருந்தது. புல்தரையில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தால், கொழுத்த ஆடு ஒன்று வந்து பைக்குள் தலையை விட்டது. குமுதவல்லி அதிகாலையில் எழுந்து கிளறின புளியோதரை உள்ளே இருந்தது.

"விரட்டலாமா?" என்று பூவராகன் ரகசியமாகக் கேட்டார். அவருக்கு அகோரப் பசி.

"விரட்டினா தொந்தரவு" என்றார் தாண்டவமூர்த்தி.

"பையை மட்டும் மெதுவா நகர்த்தினா?"

"சாப்பிடற வாயிலேர்ந்து பிடுங்கறதுதான் இருக்கறதுலயே பெரிய தொந்தரவு."

குமுதவல்லி கவலையோடு எட்டிப் பார்த்தார். "தயிர்சாதம் அடியில இருக்கு. அதுக்கு எட்டாது, தேடி அவஸ்தைப்படும். மூடியைத் திறந்து மேல வெச்சிடறேன்."

வைத்தார். ஆடு புளியோதரையை முடித்து, தயிர்சாதத்தை முடித்து, ஊறுகாயை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போயிற்று. காரம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று கழகம் வருத்தப்பட்டது. அந்த ஊறுகாய்தான் அன்றைக்கு அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு.

அப்புறம் வேலையை ஆரம்பித்தார்கள். தாண்டவமூர்த்தி பார்த்ததையெல்லாம் தட்டிப் பார்த்தார். புல்லுக்குள் கவிழ்ந்து கிடந்த பழைய தகரத் தொட்டி ஒன்று 'டொம்' என்றது. உள்ளே காலி என்றால் படிகம் இருக்க வேண்டுமே! சுத்தியலால் விதிப்படி மெல்லத் தட்டி ஓட்டை போட்டு, புரட்டியும் பார்த்தார். ஒரு வண்டு வெளியே வந்து அவரை முறைத்துவிட்டுப் போயிற்று. "தரம் குறைஞ்ச தொட்டி" என்று தலைவர் தள்ளுபடி செய்தார்.

பூவராகன் தனியாகத் தேடிக்கொண்டே போனார். மனசு கராஜிலேயே இருந்தது. லாரி வந்து நிற்பது போலவும், கல்லெல்லாம் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் சுரங்க வாசலுக்குப் பக்கத்துப் பாறைச் சுவரில் ஏதோ மின்னியது. முழங்கால் உயரத்தில் ஒரு பொந்து. கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே ஊதா நிறத்தில், சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி ஃப்ளோரைட் படிகம்! வெயில் பட்டதும் உள்ளுக்குள் விளக்கு ஏற்றினது போலிருந்தது. அந்தக் கழகத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒருத்தர் நிஜமாகவே நல்ல கல்லைக் கண்டுபிடித்திருந்தார்.

"தலைவரே!" என்று கத்தினார் பூவராகன். பிழைத்துக்கொண்டேன், கல்லெல்லாம் பிழைத்துக்கொண்டன என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உளியை எடுத்தார்.

"நிறுத்துங்க!" என்றார் ஓடிவந்த தாண்டவமூர்த்தி. "தாய்ப்பாறையோடதான் எடுக்கணும். மறந்துட்டீங்களா?"

"மறக்கல தலைவரே. சுத்தி ஒரு சாண் விட்டு வெட்டிடறேன்."

"ஒரு சாண் தாயா? மீதித் தாயை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவீங்களோ?"

பூவராகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரி, தாய்ப்பாறை எங்கே முடிகிறது என்று பார்த்துவிடலாம் என்று மூன்று பேரும் பாறையோடு பாறையாக நடந்தார்கள். அது புல்லுக்கு அடியில் போயிற்று. கல் வேலிக்கு அடியில் போயிற்று. அந்தப் பக்கம் ஓடைக்கரையில் மறுபடியும் தலையைக் காட்டிவிட்டு, எதிர் மலைக்குள் புகுந்துவிட்டது.

"இது முடியற மாதிரி தெரியலையே" என்றார் குமுதவல்லி.

"எங்கயாவது முடிஞ்சுதானே ஆகணும்" என்றார் தாண்டவமூர்த்தி. "டெர்பிஷயர் முடியற இடத்துல முடியும்."

"அப்போ டெர்பிஷயரோட சேத்து எடுக்கணுமா?" என்று பூவராகன் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

தலைவர் குமுதவல்லியைப் பார்த்தார். "வேன்ல இடம் இருக்குமா?"

குமுதவல்லி நிதானமாக யோசித்தார். "பின் சீட்டை மடிச்சா கொஞ்சம் இடம் வரும். ஆனா ஏகாம்பரம் சார் எங்க உக்காருவாரு?"

அதுதான் சிக்கல் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். டெர்பிஷயரை ஏற்றினால் ஏகாம்பரத்துக்கு இடமில்லை. ஏகாம்பரத்தை ஏற்றினால் டெர்பிஷயருக்கு இடமில்லை. செயலாளரை விட்டுவிட்டுப் போவது கழக விதிகளுக்கு முரண்.

பூவராகன் பொந்துக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கைக்கு எட்டினது ஷோகேஸுக்கு எட்டவில்லையே என்று தேம்பினார். கல் வீட்டுக்கு வராவிட்டால் கராஜ் காலி. மரகதம் சொன்ன வார்த்தையை ஒன்று விடாமல் நண்பர்களிடம் ஒப்பித்தார். ஒப்பித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"தலைவரே, ஷோகேஸுக்குள்ள கல்லு இருக்கணும்னுதானே சொன்னா? ஷோகேஸ் எங்க இருக்கணும்னு சொல்லவே இல்லையே!"

கீழே ஏகாம்பரத்தின் கிரீச் மட்டும் கேட்டது. தாண்டவமூர்த்தி பூவராகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உங்களைப் போய் உறுப்பினராவே வெச்சிருக்கோமே!" என்று வெட்கப்பட்டு, அந்த இடத்திலேயே துணைத் தலைவர் பதவி கொடுத்தார். கை தட்ட இப்போது ஆள் இல்லாததால் பூவராகனே தட்டிக்கொண்டார்.

குமுதவல்லியும் பூவராகனும் வேனை விரட்டிக்கொண்டு லெஸ்டருக்குப் போனார்கள். ஷோகேஸில் இருந்ததையெல்லாம் எடுத்து சோபாவில் வரிசையாக வைத்தார்கள். தலையாட்டி பொம்மை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் அப்போது இருந்ததிலேயே விவரமான ஆள் அதுதான்.

குன்றின்மேல் ஷோகேஸைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பின்பலகையைக் கழட்டினார்கள், நடுத்தட்டுகளை உருவினார்கள், பொந்தை மறைத்தாற்போல் பாறையோடு ஒட்டி நிறுத்தினார்கள். கல் உள்ளே, மலை வெளியே. தாயும் பிள்ளையும் பிரியவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டபோது பூவராகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. லாரியாவது, குப்பையாவது!

அந்த நேரம் பார்த்து ஹாப்சன் ஆடு பார்க்க வந்தார். கீழே ஒரு மனுஷர் வாயால் சத்தம் போட்டுக்கொண்டு கேட்டை ஆட்டுவதைப் பார்த்திருந்தார். மேலே வந்தால், குன்றின்மேல் தேக்கு ஷோகேஸ். ஆனால் அவர் ஆங்கிலேயர். அதனால் ஒன்றும் கேட்கவில்லை. "இன்னைக்கு நல்ல வெயில்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொஞ்சம் வேகமாகவே வீட்டுக்கு நடந்தார்.

பூவராகன் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் வீட்டுக்குள் நுழையவும் மரகதம் பெட்டியோடு வந்து இறங்கவும் சரியாக இருந்தது. உள்ளே வந்தவள் கூடத்துச் சுவரைப் பார்த்தாள். அப்பா கொடுத்த ஷோகேஸ் நின்ற இடத்தில் தூசியும் ஒரு பல்லாங்குழிச் சோழியும்தான் கிடந்தன. சோபாவில் கல்யாண போட்டோ சாய்ந்து உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஷோகேஸ் எங்க?"

ஹெல்மெட்டோடு நின்ற பூவராகன் பெருமையாகச் சாவியைத் தூக்கிக் காட்டினார். "நீ சொன்ன மாதிரியே ஷோகேஸுக்குள்ள கல்லு இருக்கு மரகதம். நாலு பேருக்குக் காட்டற மாதிரி கல்லு. ஏற்கெனவே மூணு பேர் பாத்தாச்சு, வெள்ளைக்காரரோட நாலு."

"ஷோகேஸ் எங்கன்னு கேட்டேன்."

"டெர்பிஷயர்ல."

மரகதம் பெட்டியைக் கீழே வைத்தாள். பெட்டிமேல் தானும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் பேச்சே வரவில்லை. கராஜில் கல்லெல்லாம் பட்ட அதே அதிர்ச்சிதான் என்று பூவராகனுக்குப் புரிந்தது. ஆதரவாகத் தடவிக் கொடுக்கப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"எங்கப்பா குடுத்த சீரு!" என்று அவள் குரல் உடைந்தது. "எங்கயோ டெர்பிஷயர்ல, வெயில்லயும் மழையிலயும்! சரி, சொன்னேன் இல்ல, சொன்னது சொன்னதுதான். உங்க கராஜை நீங்களே வெச்சுக்குங்க. கல்லையும் வெச்சுக்குங்க. பேசாம நீங்களும் போய் அந்த ஷோகேஸுக்குள்ளயே கல்லோட கல்லா உக்காந்துக்குங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க!"

கராஜ் பிழைத்தது! பூவராகனுக்கு மரகதத்தின்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. வாக்குத் தவறாத மனுஷி. கேட்ட ஒரே ஒரு சின்ன உதவி, அதைக்கூடச் செய்யாமல் இருக்க முடியுமா? கராஜுக்குப் போய்க் கல்லிடமெல்லாம் நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, மறுபடியும் காரை எடுத்தார்.

அங்கே கோடைகாலத்தில் சூரியனுக்கு வீட்டுக்குப் போகிற எண்ணமே வராது. பூவராகன் கேட்டைத் தாண்டும்போது பளிச்சென்று வெளிச்சம் இருந்தது. ஏகாம்பரம் தொண்டை கட்டிப் போய் ஆட்டிக்கொண்டிருந்தார். "காத்து வந்துச்சா?" என்று பூவராகன் கேட்டார். "வந்துச்சு, ஆனா எனக்கு அதுமேல நம்பிக்கை வரல" என்றார் ஏகாம்பரம்.

மேலே காவலுக்கு இருந்த தலைவரிடமும் பொருளாளரிடமும் பூவராகன் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேரும் அதை ரொம்ப நியாயமான கோரிக்கை என்று ஒத்துக்கொண்டார்கள். பூவராகன் ஷோகேஸுக்குள் புகுந்து, முழங்காலை மடித்து, ஊதாப் படிகத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூலையில் இடித்துச் சேதமாகிவிடக் கூடாதே என்று குமுதவல்லி அவரைக் கழுத்து வரைக்கும் பேப்பரில் சுற்றினார்.

"உள்ள வெச்சதுக்கெல்லாம் சீட்டு ஒட்டணுமே" என்றார் தாண்டவமூர்த்தி.

குமுதவல்லி பேனாவை எடுத்தார். "பேரு பூவராகன். கிடைச்ச இடம்?"

"மாயவரம்" என்றார் உள்ளேயிருந்து பூவராகன்.

"கண்டெடுத்தவர்?"

"மரகதம். அவங்க அப்பா தரகர் மூலமா."

"தரம்?"

எல்லாரும் யோசித்தார்கள். தரத்தை வாய் வார்த்தையை நம்பி எழுத முடியாது. தாண்டவமூர்த்தி கதவைத் திறந்து, குனிந்து, பூவராகனின் தலையில் இருந்த மஞ்சள் ஹெல்மெட்டை விரல் முட்டியால் தட்டினார்.

டொக்.

மறுபடியும் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"காலி!" என்றார் தழுதழுத்த குரலில். "அம்மா, முதல் தரம்னு எழுதுங்க. இத்தனை வருஷமா பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோம். எங்க அந்தச் சுத்தியல்?"

குமுதவல்லி சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். பூவராகன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தனக்குள் இருப்பதும் ஊதா நிறமாகவே இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டார்.